வளையல் ஏற்றிய சைக்கிள்

குளிர்காலக் காலையில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைத்தால், ஓரத்தில் முதலில் ஒரு துளி கண்ணாடியாகும். பிறகு வெள்ளைக்குள் ஒரு சின்னக் குகை திறக்கும். பிறகு வாசனை எழுந்து வரும். மற்றவர்களுக்கு அது தலைமுடியின் வாசனை, இரட்டைப் பின்னலின் வாசனை. எனக்கு அது சைக்கிள் வாசனை. மூக்கில் பட்ட மாத்திரத்தில், அடுப்படியில் நின்றபடியே என் வலது கால் ஒரு பெடலைத் தேடுகிறது. இந்த வயதிலும், இந்த முட்டியோடும்.

முழுதாகச் சொன்னால், தேங்காய் எண்ணெயும் மிளகு ரசமும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த வாசனை. அப்படி ஒரு கலவை உலகத்தில் ஒரே ஓர் இடத்தில், டெக்சஸில், ரிச்சர்ட்சனில், ஃப்ரீவே பாலத்தை ஒட்டிய ஒரு சரிவில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆவியாக எழுந்தது. குனிந்து உட்கார்ந்து அதை முகர்ந்தவள் நான் ஒருத்திதான்.

புது நூற்றாண்டின் முதல் தை மாதம் அது. என் கணவருக்கு அங்கே டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை. எனக்கு எச்-ஃபோர் விசா, அதாவது வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்த கணவரோடு இரண்டு ஞாயிறு சண்டை போட்டதில் அந்தப் படிப்பு முடிந்துபோனது. சும்மா இருக்க முடியாத உடம்பு என்னுடையது. கராஜ் சேல் ஒன்றில் ஊதா நிறத்தில் ஒரு பழைய சைக்கிள் கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன். லைப்ரரிக்கு அதில், காய்கறிக்கு அதில், காரணமே இல்லாமலும் அதில். கோபியில் காலேஜ் வரைக்கும் சைக்கிளில் போனவள். மிதிப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

எங்கள் அபார்ட்மெண்டில் எதிர்ப்படிக்கட்டில் குடியிருந்த தோழிக்கு அது பெரிய கேலி. அவள் சென்னைக்காரி. பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கணவனோடு வந்தவள், என்னைப் போலவே எச்-ஃபோர்.

"இந்த ஊர்ல சைக்கிள்ல போறவங்க ரெண்டே வகைடி. ஒண்ணு சின்னப் பசங்க. இன்னொண்ணு குடிச்சுட்டு ஓட்டி லைசென்ஸ் போனவங்க. நீ எந்தக் கேஸ்?"

"இன்னும் கொஞ்ச நாள்ல சொல்றேன். நீதான் குடிக்க வைக்கிற."

அந்தத் தை மாதம் அவளுக்கு ஏழு மாதம். அவள் கணவனின் வேலை நியூஜெர்சிக்கு மாறிவிட்டது. அவன் முன்னாலேயே அங்கே போய்விட்டான். வீட்டுச் சாமான்களை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. திங்கட்கிழமை விமானம். அதுவரை எங்கள் வீட்டு சோபாவில் அவள், அவளைச் சுற்றி எட்டுத் தலையணை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு என்று முடிவாகியிருந்தது. அம்மா வந்து செய்ய வேண்டியது. அம்மாவுக்கு விசா இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். அதனால் நாலு மைல் தள்ளி இருந்த கோயம்புத்தூர் ஆன்ட்டி தன் வீட்டில் செய்வதாக ஏற்றுக்கொண்டார். அந்த ஊரில் தமிழ்ப் பெண்கள் யாருக்கு வளைகாப்பு என்றாலும் ஆன்ட்டிதான். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல் வாங்கி, புடவைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருப்பார். டாலஸ் பக்கத்தில் எந்தக் கடையில் தேடினாலும் கிடைக்காத சரக்கு.

என் தோழிக்குச் சடங்கு, சம்பிரதாயம் எதிலும் நம்பிக்கை கிடையாது. எதைச் சொன்னாலும் கிண்டல். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுடி. இங்கயாவது நாலு பேர் கையைப் பிடிச்சு வளையல் போட்டு அனுப்பினா, கூட யாரோ வர்ற மாதிரி இருக்கும். வெறுங்கையோட ப்ளேன் ஏறப் பயமா இருக்கு."

அவள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றிரவு ஜன்னல் கண்ணாடியில் யாரோ கைப்பிடி கைப்பிடியாக அரிசியை வீசுகிற மாதிரி சத்தம். காலையில் திரையை விலக்கினேன். ஊரையே சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்து ஆற வைத்திருந்தார்கள்! ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு கண்ணாடி உறை. ஒவ்வொரு மரக்கிளைக்கும் ஒரு கண்ணாடிச் சட்டை. கார்கள் எல்லாம் கடையில் இருக்கும் பொம்மைகள் மாதிரி பளபளவென்று ஒரு துளி அழுக்கில்லாமல் நின்றன. அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் பனி. டெக்சஸில்! போன ஆகஸ்டில் இதே வாசலில் தார் உருகிச் செருப்பு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டிவிட்டேன்.

"எதுக்கு சந்தோஷம்?" என்றாள் தோழி. டிவியில் சாலைகள் மூடப்பட்ட பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் கைகள் தாமாக இறங்கின.

என் கணவர் சமையலறைக்குப் போனார். பெரிய குக்கரில் தண்ணீர் கொதிக்க வைத்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வாத்து நடை நடந்து, கார்வரைக்கும் போனார். முன் கண்ணாடியில் அரை அங்குலத்துக்கு ஐஸ். சுரண்ட ஒன்றும் இல்லை. ஊற்றினார். வெயில் ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். 'டப்' என்று ஒரே சத்தம். ஐஸ் அப்படியே இருந்தது, அதன் அடியில் கண்ணாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஓர் ஆறு மாதிரி விரிந்துவிட்டது.

உள்ளே வந்தவர் குக்கரைக் கீழே வைத்தார். "விரிசல் விட்டுடுச்சு."

"இன்ஜினியர்" என்றாள் என் தோழி. அவ்வளவுதான் சொன்னாள்.

போன் அடித்தது. ஆன்ட்டி. "அம்மிணி, எங்க ட்ரைவ்வேல கார் நிக்க மாட்டேங்குது, நானே வழுக்கி உக்காந்துட்டேன். அங்கிள் ராத்திரி ட்யூட்டிக்குப் போனவரு ஆஸ்பத்திரிலயே மாட்டிக்கிட்டாரு. சமையல் பாதி ஆச்சு. வளையல் இங்க கெடக்குது, புள்ளை அங்க கெடக்குது. என்னங்கண்ணு பண்றது?"

"நாளைக்குக் காலைல வெச்சுக்கலாமா ஆன்ட்டி?"

"நாளைக்குக் கரிநாளு கண்ணு. ஆகாது. இன்னைக்கும் நாலரைக்கு ராகுகாலம் புடிச்சுரும்."

போனை வைத்தேன். தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள். "விடுடி. ப்ளாஸ்டிக் வளையல் வால்மார்ட்ல கிடைக்கும். அதுவும் மூடியிருக்கும்." சிரிப்பு முடியும்போது உதடு கொஞ்சம் கோணிற்று. அவள் தன் இரண்டு மணிக்கட்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்குள் எதுவோ குதித்தது. பால்கனிக் கதவைத் திறந்தேன். அங்கே என் ஊதா சைக்கிள், ஹேண்டில் பாரில் ஐஸ் மீசையோடு என்னைப் பார்த்தது.

"விளையாடாதே" என்றார் கணவர். "நான் நடந்து போயிட்டு வர்றேன்."

"நடந்தா போக வர எட்டு மைல். இந்த ஐஸ்ல ராகுகாலம் தாண்டிடும்."

"அப்ப நான் சைக்கிள்ல போறேன்."

"உங்களுக்கு சைக்கிளே தெரியாதே!"

தோழி தலையணைகளுக்குள்ளிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிஜமாவா? எம்.எஸ். பண்ணியிருக்கார், சைக்கிள் தெரியாதா?"

"சின்ன வயசுல வீட்டு வாசல்லயே பஸ் ஸ்டாப்" என்றார் அவர் பரிதாபமாக.

சைக்கிளை ஹாலுக்குள் இழுத்து வந்து, செய்தித்தாள் விரித்து, தலைகீழாக நிறுத்தினேன். சில வாரங்கள் மழையில் நின்றதில் செயின் செம்மண் நிறமாகி, சுற்றினால் பூனைக்குட்டி மாதிரி கத்தியது. வீட்டில் மிஷின் எண்ணெய் ஏது? எங்கள் ஊரில் தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் அது தண்ணீர் மாதிரி இளகிக் கிடந்தது. செயின் முழுக்க ஊற்றினேன். பின் சக்கரத்துப் பல்லுக்கு நடுவில், உள்ளே இறங்கும்படி, தாராளமாக, பாதி பாட்டில்.

"என் தலைக்குக்கூட நீ இவ்ளோ எண்ணெய் வெச்சதில்ல" என்றாள் அவள்.

சக்கரத்தைச் சுற்றினேன். சத்தமே இல்லாமல் பட்டு மாதிரி ஓடியது. பார்த்தீர்களா, என்றேன் எல்லோரிடமும்.

கணவரின் ஜீன்ஸ், அதற்குள் என் சுடிதார் பேன்ட், மேலே அவருடைய பெரிய ஜாக்கெட். இரண்டு ஜோடி சாக்ஸ், அதன் மேல் பிரெட் வந்த ப்ளாஸ்டிக் பை, அதன் மேல் ஷூ. ஊட்டிக்கு வாங்கிய குரங்குக் குல்லாய். கையுறை கிடையாது. ஓவன் அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற தடித்த உறை இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது, தக்காளிப் படம் போட்டது. அதை மாட்டிக்கொண்டேன். தோழி என்னை மேலும் கீழும் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காதே, உள்ள உதைக்குது! போடி, போ, ஜாக்கிரதையாப் போ."

சாலையில் இறங்கிய முதல் நிமிடத்தில் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. தார் என் எதிரி, புல் என் நண்பன். தாரில் சக்கரம் சோப்பு மேல் போகிற மாதிரி பக்கவாட்டில் நழுவியது. காய்ந்த புல்லின் மேலோ ஐஸ் உறை நொறுங்கி, டயர் பிடித்துக்கொண்டது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். பிறகு புல்லோடு புல்லாக, வீட்டு முன்புறங்கள், சர்ச் மைதானம், பாங்க் வாசல் எல்லாம் என் பாதை. நொறுக் நொறுக் நொறுக். ஆயிரம் அப்பளத்தின் மேல் சைக்கிள் விட்ட மாதிரி! ஒவ்வொரு அடிக்கும் ஊரே நொறுங்கிச் சிரித்தது.

ஆறு வழிச் சாலை ஒன்றில் ஒரு கார் இல்லை. சிக்னல் மட்டும் யாருக்கோ பச்சை காட்டி, மஞ்சள் காட்டி, சிவப்பு காட்டியது. அந்தச் சாலையில் நான் எத்தனை நாள் ஓரத்தில் நின்று, கடக்கப் பயந்து, ஹாரன் வாங்கியிருக்கிறேன்! இப்போது அதன் நட்ட நடுவில், மஞ்சள் கோட்டின் மேல், தக்காளிக் கையுறையோடு நான். காற்று கன்னத்தில் கத்தி தீட்டியது. கண்ணில் தண்ணீர் வந்து, வந்த வேகத்தில் இமையில் முள்ளாக நின்றது. நான் பாடினேன். என்ன பாட்டென்று ஞாபகமில்லை, சத்தமாகப் பாடினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. கேட்க அந்த நகரத்தில் ஒருவரும் இல்லாத சுகம்.

ஃப்ரீவே பாலத்தின் முன்னால் அந்த மஞ்சள் பலகை: குளிரில் பாலத்தில் ஐஸ் பிடிக்கலாம் என்று. கோடையில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டினேன். கீழே எட்டு வழி ஃப்ரீவே, ஆளில்லாமல், ஆறு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

ஆன்ட்டி வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அது நடந்தது. மிதிக்கிறேன், பெடல் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. காற்றை மிதிக்கிற மாதிரி. பின்னால் சுற்றினேன், முன்னால் சுற்றினேன், உதைத்துப் பார்த்தேன். ஒரு பிடியும் இல்லை. சரியென்று ஒரு பெடலில் ஏறி நின்று, இன்னொரு காலால் தரையை உதைத்து உதைத்து, ஸ்கூட்டர் விடுகிற குழந்தை மாதிரி போய்ச் சேர்ந்தேன்.

"அட என் சாமி! யாரது, அம்மிணியா? வாங்க வாங்க, சைக்கிளையும் உள்ள கொண்டாங்க!" ஆன்ட்டி அதைத் துணி காயவைக்கிற டிரையர் ஓடிக்கொண்டிருந்த துணி அறையில் நிறுத்தினார். என் கையைப் பிடித்து அடுப்பின் மேல் காட்டினார். "இருவது வருஷமா கார் கார்னு இருக்கறோம். கடைசீல பாரு, உன்ற சைக்கிள்தான் வந்து நிக்குது."

வளையல்கள் மேஜை மேல் இருந்தன. சிவப்பும் பச்சையும், தங்கப்பொடி தூவியது. வெளியே உலகம் முழுக்க வெள்ளையாக இருந்ததால் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தியது. விழுந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, ஆன்ட்டியும் கேட்கவில்லை. அவர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்தார். அடியில் பச்சரிசி ஒரு படுக்கை. அதில் வளையல்களை அடுக்கி, நடுவிலும் இடுக்கிலும் அரிசியைக் கொட்டி, தட்டித் தட்டி நிரப்பினார். மூடி போட்டுக் குலுக்கினார். சத்தமே இல்லை. "அரிசிக்குள்ள இருந்தா ஆட்டமில்ல. போட்டு முடிச்சதும் இதே அரிசியை அவ மடில கட்டிருங்க."

டின்னைப் பையில் வைத்து, முதுகில் மாட்டப் போனேன். "முதுகுல வேண்டாம். மல்லாக்க விழுந்தீன்னா போச்சு. முன்னால மாட்டு, கண்ணுல பாத்துக்கிட்டே போ." மாட்டினேன். மேலே கணவரின் பெரிய ஜாக்கெட்டை இழுத்து மூடினார், ஜிப் கஷ்டப்பட்டு ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் ஏழு மாதம்.

"இதையும் கொண்டு போ." ஒரு பெரிய ஃப்ளாஸ்க். "மிளகு ரசம். அவ நாக்குக்கு ஒண்ணும் புடிக்கலை, உங்க ரசம்தான் வேணும்னு ஒரு வாரமா போன்ல சொல்றா பாவம்."

துணி அறைக்குப் போனேன். சைக்கிளை மிதித்துப் பார்த்தால், சக்கரம் சுற்றியது! பட்டு மாதிரி. குளிரில் கை கால் விறைத்திருக்கும், பாவம், என்று அதைத் தட்டிக்கொடுத்தேன். எனக்குப் பிஎஸ்சி ஃபிஸிக்ஸ். முதல் வகுப்பு.

திரும்பும் வழியில் ஒரு தடவை விழுந்தேன். சர்ச் வளைவில், நிதானமாக, யோசித்து விழுந்த மாதிரி, பக்கவாட்டில். முட்டி 'மடார்' என்று தரையில் மோதியது. படுத்தபடியே வயிற்றுப் பையைக் குலுக்கிக் காது கொடுத்தேன். மௌனம். அந்த மௌனத்தை முத்தமிடலாம் போலிருந்தது.

பாலத்தை நடந்து தாண்டினேன். சரிவில் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பழையபடி, காற்று.

இந்தத் தடவை எனக்குக் கோபம் வந்தது. வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மைலுக்கு மேல். ஸ்கூட்டர் மாதிரி உதைத்துப் போக முட்டி விடாது. வளையல் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இந்த இரும்பு மட்டும் மாட்டேன் என்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். செயின் முழுக்க வெள்ளை. பனி என்று நினைத்துக் கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டினேன். பனியில்லை. மெழுகு மாதிரி வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

தலைமுடி வாசனை.

உறைந்த தேங்காய் எண்ணெய்! மார்கழியில் எங்கள் ஊரிலேயே பாட்டிலுக்குள் வெள்ளையாக நிற்கும் எண்ணெய். அதைக் கொண்டுவந்து டெக்சஸ் ஐஸில் ஒரு சக்கரத்தின் வயிற்றுக்குள் பாதி பாட்டில் ஊற்றியிருக்கிறேன். உள்ளே பற்களைப் பிடிக்க வேண்டிய சின்ன நாக்குகள் எல்லாம் நெய்க்குள் மாட்டிய எறும்பு மாதிரி அசையாமல் கிடக்கின்றன. டிரையர் சூட்டில் இளகியது, வெளியே வந்ததும் இறுகியது. காரில் கொதிதண்ணீர் ஊற்றியவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேனே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலிருந்துதான் அடுத்த நினைப்பு வந்தது.

கொதிதண்ணீர். ஃப்ளாஸ்க்.

மன்னித்துக்கொள், என்று தோழியை நினைத்துச் சொல்லிவிட்டு, மூடியைத் திருகினேன். சக்கரத்தின் நடுவில் மெல்ல ஊற்றினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி எழுந்தது. தேங்காய் எண்ணெய், மிளகு, சீரகம், பெருங்காயம், துரு. வெள்ளையெல்லாம் மஞ்சளாகி ஒழுகியது. செயினின் மேல் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது. பெடலைக் கையால் சுற்றினேன். 'டிக்'. இன்னும் ஊற்றினேன். 'டிக் டிக் டிக்'.

நான் கத்திய கத்தலில், பின்னால் வந்து நின்ற லாரியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சாலையில் மணல் தூவுகிற நகராட்சி லாரி. ஓட்டுநர், நரைத்த மீசைக்காரர், கதவைத் திறந்து குதித்தார். அவர் என்ன பார்த்தார் என்று யோசித்துப் பாருங்கள். நடுச்சாலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண். பெரிய வயிறு. சுற்றிலும் ஆவி.

"மேம்! மேம், அப்படியே இருங்க! ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்!" என்று ஆங்கிலத்தில் அலறினார்.

"நோ நோ நோ! நோ பேபி!" என்றேன் எழுந்து நின்று. வயிற்றைத் தட்டிக் காட்டினேன். 'டங் டங்' என்று டின் சத்தம். "பேங்கிள்ஸ்! ரைஸ் அண்ட் பேங்கிள்ஸ்! ஃபார் மை ஃபிரண்ட்ஸ் பேபி!"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். ரசத்தை முகர்ந்தார். பைத்தியங்களிடம் ஒத்துக்கொள்கிற குரலில் "ஓகே, மேம்" என்றார். ஏறி வாருங்கள் என்று லாரியைக் காட்டினார். பக்கத்து சீட்டில் இன்னொரு ஆள், மண்வெட்டிகள், கயிறு. சைக்கிளை விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை. இந்த நாள் அதனுடையது. எங்கே போகணும் என்று கேட்டார், சொன்னேன். தொப்பியைத் தூக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

லாரி எனக்கு முன்னால் போயிற்று. மாட்டு வண்டி வேகத்தில். பின்னாலிருந்து மணல் ஒரு செந்நிறப் பாவாடை மாதிரி சுழன்று விழுந்தது. அந்த மணல் பாதையின் மேல், தாரின் மேல், முதல் தடவையாக நழுவாமல் நான். ஒரே ஒரு விதி: மிதிப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த நாக்குகள் மறுபடி உறைந்துவிடும், இப்போது எண்ணெயோடு ரசமும் சேர்ந்து. ஏற்றத்திலும் மிதி, இறக்கத்திலும் மிதி. முட்டி எரிகிறது, மிதி. பள்ளிக்கூடம் தாண்டியது, பெட்ரோல் பங்க் தாண்டியது. லாரியின் கண்ணாடியில் இரண்டு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் வாழ்க்கையில் நான் எந்த ஊர்வலத்திலும் போனதில்லை. அன்றைக்குப் போனேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் திருப்பத்தில் அவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். நான் தக்காளிக் கையை உயர்த்தினேன். உயர்த்தியதில் நிலைதடுமாறி, கணவரின் மேலேயே போய் மோதி நின்றேன். அவர் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார், எவ்வளவு நேரமோ, மூக்கு சிவந்து.

"நேரம் இருக்கா?"

"இருக்கு. வா, வா!"

அரிசிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தோம். போன் ஸ்பீக்கரில் ஆன்ட்டி. "ஒடஞ்சுதா கண்ணு?"

"ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி!"

"உனக்கு?"

"முட்டி மட்டும்."

"அது வளரும். ஆரம்பிங்க!" என்று பாட்டைத் தொடங்கினார். கீழ் வீட்டுத் தெலுங்குப் பெண் வந்தாள், பக்கத்து வீட்டு மெக்ஸிகோக்கார அம்மா தன் மகளோடு வந்தார். சந்தனம் இருந்தது, பூ மட்டும் இல்லை, ஐஸ் பிடித்த ஒரு பச்சைக் கிளையை என் கணவர் ஒடித்து வந்தார். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்தோம். வீங்கியிருந்த கையில் வளையல் ஏறாமல் நின்றபோது அந்த மெக்ஸிகோ அம்மாதான் கட்டைவிரலை மடக்கி, தயங்காமல், நழுவ விட்டார். என் முறை வந்தபோது என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அவள் என் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, பிறகு போட்டுக்கொண்டாள்.

இரண்டு கையும் நிறைந்ததும் அவள் எழுந்து போனை எடுத்துச் சென்னைக்குப் போட்டாள். அங்கே விடியாத நேரம். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, ஒண்ணும் பேசாதே. கேளு." ரிசீவர் அருகில் இரண்டு கையையும் ஆட்டினாள். அந்தப் பக்கம் அம்மா என்ன கேட்டாரோ, அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம்… ம்… நிறைய பேர்மா" என்றாள். நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "வளையல் சரி. ஆன்ட்டி ரசம் குடுத்தாங்களாமே, அது எங்கே?"

"சைக்கிள் குடிச்சுடுச்சு."

மறுநாள் மதியம் டெக்சஸ் தன் பழைய முகத்தோடு வந்து நின்றது. சூரியன், நீல வானம். கூரை சொட்டியது, மரம் சொட்டியது, ஓடையெல்லாம் ஓடியது. நேற்று அப்படி ஒரு நாள் இருந்ததற்கு, எங்கள் வாசல்வரை வந்து முடிந்த ஒரு மணல் கோடு மட்டும்தான் சாட்சி. விரிசல் கண்ணாடியோடு ஏர்போர்ட் போக முடியாதென்று ஒரு வேன் சொல்லியிருந்தோம். கணவர் பெட்டிகளை ஏற்றினார். அவள் வயிற்றையும் வளையல்களையும் மெல்ல உள்ளே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை மாட்டும்போது கை நிறையக் கலகலவென்று சத்தம். அதைக் கேட்டு அவளே ஒரு நொடி நின்று, இன்னொரு தடவை வேண்டுமென்றே கையை ஆட்டினாள்.

"பத்திரம்" என்றேன்.

வேன் நகர்ந்தது. அவள் ஜன்னலை இறக்கி, வளையல் கையை முழங்கைவரை வெளியே நீட்டினாள்.

"போயிட்டு வரேன்டி! அடுத்த தடவை அந்த ரசம் எனக்கு. மறுபடி சைக்கிளுக்குக் குடுத்தே, கொன்னுடுவேன்!"